பஸ்ஸில் இடம் இருந்தது

அன்றைக்கு அதிபரின் அறையில் இருந்தவர்கள் எட்டுப் பேர். அதிபர். விளையாட்டுக்குப் பொறுப்பான மாஸ்டர். பெற்றார் சங்கத்தின் தனாதிகாரி ஹாஜியார். அவர் அரிசி ஆலை வைத்திருந்தவர். எங்களுக்கு வலைப்பந்து பழக்கிய டீச்சர். அவர் மட்டக்களப்பிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். பையன்களின் உதைபந்து கெப்டன். என் வாப்பா. எங்கள் அணியில் கோல் போடுகிற என் கூட்டாளி. எட்டாவது ஆள் நான். கதவுக்கு வெளியேகூட யாரும் நிற்கவில்லை. நான் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன். இதை இவ்வளவு திருத்தமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிறகு ஊரில் பலபேர், "நானும் அந்தக் கூட்டத்தில இருந்தன், புள்ளைகள்தான் வேணாம் எண்டாங்க" என்று சொல்லித் திரிந்தார்கள். அவர்கள் யாரும் இருக்கவில்லை. ஆனால் சொன்னது உண்மை. வேண்டாம் என்று ஒரு பிள்ளை சொன்னாள். அது நான்தான்.

எழுபத்தெட்டுச் சூறாவளி வந்து போனதற்கு அடுத்த வருஷம் அது. கல்முனைப் பக்கத்தில் கூரையோடு நின்ற கட்டடங்களை விரல் விட்டு எண்ணலாம். எங்கள் பாடசாலையின் பலகையில் கல்லூரி என்று எழுதியிருந்தது. அந்தப் பலகையும் பறந்து போய்த் தென்னந்தோப்பில் கிடந்து, பிறகு தூக்கி வந்து மாட்டப்பட்டது. மைதானத்தில் உதைபந்துக் கம்பங்களும் விழுந்தன, எங்கள் வலைப்பந்துக் கம்பங்களும் விழுந்தன. வகுப்புகளுக்கு ஓடு போடுவதற்கு முன்னமே உதைபந்துக் கம்பங்கள் நிமிர்ந்துவிட்டன. எங்களுடையவை மணலில் கிடந்தன. கடைசியில் தார் பீப்பாவின் இரும்பு வளையத்தைக் கழற்றி ஒரு கம்பத்தில் அடித்துத் தந்தவர் பாடசாலைக் காவலாளி. மற்றக் கம்பம் வளைந்தபடியே நின்றது. அந்தப் பக்கம் கோல் போட வேண்டுமென்றால் தலையைச் சரித்துத்தான் குறி பார்க்க வேண்டும்.

விளையாட்டுக் காசு என்று வருஷத்துக்கு மூன்று ரூபாய் எல்லாரிடமும் வாங்குவார்கள். பெண் பிள்ளை என்று எனக்கு ஐம்பது சதம் குறைக்கவில்லை. அந்த மூன்று ரூபாயை நான் கொடுத்து முடிக்கும்வரை பெயர் வாசிப்பார்களோ, எழுந்து நிற்கச் சொல்வார்களோ என்று பின் வாங்கிலேயே குனிந்திருப்பேன். வாப்பா தறியில் இருந்து இறங்காமல் நெய்தால்தான் அந்தக் காசு வரும். அந்தக் காசில் பையன்களுக்கு பூட்ஸ் வந்தது, இரண்டு பந்து வந்தது, சட்டை வந்தது, முதுகில் இலக்கமும் வந்தது. எங்களுக்கு இருந்தது ஒரே பந்து. அதைச் சந்தைக்குப் பக்கத்தில் சப்பாத்துத் தைக்கிறவரிடம் கொண்டு போய்த் தைத்துத் தைத்து, ஒரு பக்கம் வீங்கிப் போயிருந்தது. டீச்சர் ஒருமுறை கணக்குக் கேட்டாராம். "உதைபந்துதான் டீச்சர் கல்லூரிட பேரு. வலைப்பந்து புள்ளைகளுக்கு ஒரு பொழுதுபோக்கு" என்று மாஸ்டர் சொன்னாராம்.

அந்தப் பொழுதுபோக்கில் நாங்கள் வட்டாரத்தில் வென்றோம். மாவட்டப் போட்டி அம்பாறையில். அதே சனிக்கிழமை, அதே ஊரில், பையன்களுக்கும் போட்டி.

எங்கள் வீடுகளில் ஒரு நிபந்தனை இருந்தது. அணியில் ஏழு பேர், கூடுதலாக இரண்டு பேர். ஒன்பது வீட்டிலும் ஒரே பேச்சு. அம்பாறை தூரம், ஊரும் நம்முடையதில்லை. டீச்சரும் ஒரு உம்மாவும் கூடப் போய், தனி வேனில் போய், பொழுதுபடும் மஃரிப் தொழுகைக்கு முன் வீடு வந்தால் போகலாம். எல்லாரும் ஏறுகிற லைன் பஸ்ஸில் என்றால் இல்லை. பையன்களோடு ஒரே வண்டியில் என்றால் அந்தக் கதையே இல்லை. வேன்காரர் இருநூறு ரூபாய் கேட்டார். பாடசாலையில் கேட்டபோது, கூரைக்கே காசில்லை என்றார்கள்.

வழி சொன்னவள் என் கூட்டாளி. எங்கள் ஊர்களில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வேறு பானையில் போடுவார்கள். அது குர்ஆன் மதரசாவுக்குப் போகும். "இன்னொரு பானை வைக்கச் சொல்லுவம் கா. நாப்பது நாளைக்கு மட்டும். ஒரு பிடி கூடப் போனா ஆரும் பட்டினி கிடக்கிறல்ல" என்றாள். எனக்குப் பயம். மதரசாவுக்குப் போகிறதில் கை வைத்த மாதிரி ஆகிவிடுமோ, யாராவது அங்கே ஓதிக்கொடுக்கிற லெப்பையிடம் போய்ச் சொல்லிவிடுவார்களோ என்று. ஆனால் பின்னேரங்களில் இரண்டு இரண்டு பேராக வீடு வீடாகப் போனோம். முப்பத்தெட்டு வீடு. சூறாவளியில் குசினி பறிகொடுத்து, ஓலைக்கூரைக்குள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவர்களும் பானை வைத்தார்கள். ஒரு உம்மா பானையைக் கவிழ்த்துக்கொண்டே கேட்டாள், "ஏன் மனே, பந்த அந்தக் கூடைக்குள்ள போட்டா என்ன கிடைக்கும்?" கிண்ணம் தருவார்கள் என்றேன். "கிண்ணத்தில வச்சுத் திங்கிறதுக்கு அரிசிய எங்கிட்டக் கேக்காய்" என்று சிரித்தாள். ஆனால் தந்தாள்.

அளந்து பார்த்தபோது எழுபத்தைந்து கொத்து அரிசி சேர்ந்திருந்தது. கடைக்காரர் கையை உள்ளே விட்டு அள்ளிப் பார்த்தார். "இதென்ன அரிசி புள்ள, ஊர்ல உள்ள எல்லாரும் ஒரு சாக்குக்குள்ள இரிக்காங்க. இத கோழியும் பொறுக்கித்தான் திங்கும்." கொத்து மூன்று ரூபாய்க்கு எடுத்தார். எங்கள் முகத்தைப் பார்த்து ஒரு ரூபாய் மேலே போட்டார். இருநூற்றி இருபத்தாறு.

அந்தக் காசு என்னிடம் இருந்த இரண்டு நாளும் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. லேஞ்சித் துணியில் முடிந்து புத்தகப் பைக்குள் வைத்து, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கைவிட்டுத் தொட்டுப் பார்ப்பேன். விழுந்துவிட்டால், களவு போய்விட்டால், முப்பத்தெட்டு வீட்டுக்கும் என்ன முகத்தோடு போவது? மாணவிகள் நேரே வண்டி பிடிக்க முடியாது, பாடசாலைக் கடிதம் வேண்டும், அதனால் காசை மாஸ்டரிடம் கொடுங்கள் என்று டீச்சர் சொன்னபோது எனக்கு மூச்சு வந்தது. கொண்டுபோய் இரண்டு கையாலும் நீட்டினேன். "அமானிதம் சேர்" என்றேன். "அமானிதம்தான் புள்ள" என்று வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டார்.

அமானிதம், நம்பி ஒப்படைக்கிற பொருள், என்று சொல்லிக் கொடுத்த பிறகு எங்கள் ஊரில் யாரும் காசு வாங்கியதற்குத் துண்டு கேட்க மாட்டார்கள். கேட்டால், உங்களை நான் நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதுபோல. உலகத்தில் எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான், பயப்பட வேண்டிய அந்த ஒரு இடத்தில், பாரம் இறங்கியது என்று துள்ளிக்கொண்டு வகுப்புக்கு ஓடினேன்.

போட்டிக்கு ஐந்து நாள் இருக்கும்போது, ஒரே பஸ்தான் பிடித்திருக்கிறார்கள், பெரிய பஸ் என்று கேள்விப்பட்டோம். வாப்பா தறியை நிறுத்திவிட்டு, சட்டை போட்டுக்கொண்டு என்னோடு அதிபரின் அறைக்கு வந்தார். அதற்கு முன் அவர் பாடசாலைக்குள் வந்தது என்னைச் சேர்த்த அன்றைக்கு மட்டும்தான்.

"காசு வீணாப் போகல்லியே" என்றார் மாஸ்டர். "ஐம்பது சீட் உள்ள பஸ். சங்கத்துக் காசும் போட்டு, புள்ளைகள்ட காசும் போட்டுப் புடிச்சிரிக்கி. முன்னுக்கு ஒன்பது சீட் அவங்களுக்கு. பொடியனுகள் பின்னுக்கு. ஆருக்கும் வித்தியாசம் காட்டல்ல."

"அது வேனுக்கு எண்டு குடுத்த காசு சேர்" என்றார் டீச்சர். "இந்தப் பிள்ளையள் பெடியன்களோட ஒரே பஸ்ஸில வரமாட்டினம் எண்டு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பிடிச்சிருக்கிறீங்கள்."

ஹாஜியார் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். "குமர்புள்ளைகளப் பொடியனுகளோட ஏத்திக்கிட்டுப் போனா நாளைக்கு ஜும்ஆத் தொழுகையில என்னத்தான் கேப்பாங்க. அதுக்கு நான் ஒத்துக்கிறல்ல."

"அப்ப வேன் பிடிச்சுக் குடுங்கோ, ஹாஜியார்."

"காசு எங்க டீச்சர் இரிக்கி? ஒருக்காக் குடுத்தாச்சே."

"அப்ப பெடியன்கள் லைன் பஸ்ஸில போகட்டும். பிள்ளையள் இந்த பஸ்ஸில போகட்டும். பிள்ளையள்ட காசும் இதில இருக்குத்தானே."

மாஸ்டர் சிரித்தார். ஹாஜியாரும் சிரித்தார். டீச்சர் ஏதோ பகிடி விட்டதுபோல.

கெப்டன் பையன் சுவரோரமாக நின்றான். "நாங்க லைன் பஸ்ல போறம் சேர். எங்களுக்கு ஒண்டுமில்ல" என்றான்.

"பொத்துடா வாய. பூட்ஸையும் தூக்கிக்கிட்டு மூணு பஸ் மாறிப் போய் என்னத்த வெளையாடப் போறாய்? நீ கோல் அடிக்கிற வேலையப் பாரு" என்றார் மாஸ்டர்.

அதிபர் நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அவருக்குச் சத்தம் பிடிக்காது. கூட்டக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, பேனையின் மூடியைக் கழற்றி, என் பக்கம் திரும்பினார். அணிக்குத் தலைவி நான்.

"புள்ள, நீயே சொல்லு. பஸ்ஸில எடம் இரிக்கி. போறீங்களா, இல்லியா?"

"அது கேள்வியில்லை சேர்" என்றார் டீச்சர்.

"நான் புள்ளைக்கிட்டக் கேக்கன்."

வாப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக ஒருமுறை செருமினார். அந்தச் செருமலை எனக்குத் தெரியும். ஓம் என்று நான் சொன்னால், ஹாஜியாருக்கு முன்னால், பையன்களோடு வண்டியில் போகச் சம்மதித்த குமரின் வாப்பா அவர். அந்த ஒரு சொல்லோடு மற்ற எட்டு வீட்டுக் கதவும் பூட்டப்படும் என்பதும் தெரியும். இல்லை என்று சொன்னால், சரி, பிள்ளைகளுக்கு இது ஒத்துவராது, வேறு வழி பார்ப்போம் என்று பெரியவர்கள் சொல்வார்கள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"இல்ல சேர்" என்றேன்.

அதிபர் எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். மாணவியருக்குப் பஸ்ஸில் இடம் வழங்கப்பட்டது, மாணவியர் செல்ல விரும்பவில்லை. என் கூட்டாளி என் கையைப் பிடித்து நகம் பதியக் கிள்ளினாள். "என்ன கா செஞ்சாய்?" டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வாப்பா, "வா மகள், தறியில பாவு காயுது" என்றார்.

சனிக்கிழமை காலையில் பஸ் எங்கள் ஒழுங்கை முனையால் போனது. நான் வேலி ஓட்டையால் பார்த்தேன். முன் சீட் ஒன்பதும் சும்மா இருக்கவில்லை. ஹாஜியாரின் ஆலையில் வேலை செய்கிறவர்கள் கைதட்டிக் கத்துவதற்காக ஏறியிருந்தார்கள். கெப்டன் கடைசிச் சீட்டில் இருந்தான். பையன்கள் நான்குக்குப் பூச்சியம் என்று தோற்று வந்தார்கள். நாங்கள் போகாததால் மற்றப் பாடசாலைப் பிள்ளைகள் விளையாடாமலே வென்றார்கள்.

பிறகு அரிசி தந்த வீடுகள் கேட்கத் தொடங்கின. யாரும் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் கஷ்டம். "எங்கட அரிசி அம்பாறைக்குப் போய்ச்சேர்ந்திச்சா மனே?" "கிண்ணம் எங்க புள்ள, காட்டன் பாப்பம்." நான் மாஸ்டரிடம் மூன்று தரம் போனேன். மூன்றாம் தரம் நாற்பது ரூபாய் எடுத்துத் தந்தார். "இதுதான் மிச்சம். பஸ்ஸில ஒங்கட பங்கு கழிஞ்சு போச்சு. நீங்க ஏறாததுக்கு நான் என்ன செய்ய?" அந்த நாற்பதை ஓலைக்கூரைக்குள் அடுப்பு மூட்டிய நான்கு வீட்டுக்குப் பத்துப் பத்தாகக் கொடுத்தேன். மற்ற வீடுகளுக்கு முன்னால் நடக்க என்னால் முடியவில்லை. பாடசாலைக்கு வேறு வழியும் இல்லை. காலையில் தலையிடி என்பேன், வயிற்று வலி என்பேன். இரண்டு மாதம் அப்படிப் போனது. "போற எண்டாப் போ, இல்லாட்டி உம்மாவோட நூல் சுத்து" என்றார் வாப்பா. நூல் சுற்றினேன். பத்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. என்னை யாரும் நிறுத்தவில்லை. அதையும் ஒரு கொப்பியில் எழுதினால், செல்ல விரும்பவில்லை என்றுதான் எழுத வேண்டும்.

அடுத்த வருஷம் டீச்சர் மாற்றம் வாங்கிப் போனார். சங்கக் கூட்டத்தில் யாரோ ஒரு வாப்பா வலைப்பந்துக்குக் காசு ஒதுக்கச் சொல்லிக் கேட்டாராம். அந்தப் பழைய பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்களாம். பெண் பிள்ளைகளுக்கு விருப்பமில்லை, அவர்களே சொன்னது. நேர்க் கம்பத்தைப் பிடுங்கிப் பையன்களின் கரப்பந்து வலைக்கு நட்டார்கள். வளைந்த கம்பம் நின்ற இடத்திலேயே நின்றது. விளையாட்டுக் காசை ஐந்து ரூபாயாக உயர்த்தினார்கள். என் தங்கச்சியும் கட்டினாள்.

கெப்டனை எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருமுறை கண்டேன். கல்முனையில் புடவைக் கடை போட்டிருந்தான். வாப்பா நெய்த சாறன்களை விற்க எடுத்துப் போக எங்கள் வீட்டுக்கு வந்தவன், எண்ணி முடித்த பிறகும் போகாமல் நின்றான். "நானும் அண்டைக்கு அந்த பஸ்லதான் போனன்" என்றான். "ஓம். கண்டன்" என்றேன். அவ்வளவுதான்.

மாஸ்டர் எண்பதுகளின் நடுவில் மௌத்தானார். ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் அவருடைய மகன் எழுந்து நின்று, வாப்பா யாருக்காவது கடன்பட்டிருந்தால், யாருடைய அமானிதமாவது அவரிடம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள், நான் பொறுப்பு என்று கேட்டிருக்கிறார். எங்கள் ஊரில் அடக்கப் போகிற எல்லா மையத்துக்கும் அப்படிக் கேட்பார்கள். கேட்பது பள்ளிவாசலில், ஆண்கள் நிற்கிற வரிசைகளுக்கு முன்னால். காசு கொடுத்தவள் நான். அரிசி போட்டவர்கள் முப்பத்தெட்டு உம்மாக்கள். நாங்கள் ஒருவரும் அங்கே நிற்க முடியாது. வாப்பா இரண்டாவது வரிசையில் நின்றிருக்கிறார்.

வந்து கால் கழுவிவிட்டு, துவாயால் முகத்தை மூடித் துடைத்துக்கொண்டே சொன்னார். "சொல்லத்தான் நெனச்சன் மகள். வாய் வரைக்கும் வந்திச்சி. மையத்துக்கு முன்னுக்கு நிண்டுக்கிட்டு வலைப்பந்துக் கதையா எண்டு சனம் சிரிச்சிரும் எண்டு..."

பயந்து வாய் மூடியதற்கு அவரைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன தகுதி?

அதன் பிறகு யாரும் கேட்கவும் இல்லை, நாங்கள் சொல்லவும் இல்லை. அரிசி போட்டவர்களில் பாதிப் பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள். வர வேண்டியது இன்னும் நூற்றி எண்பத்தாறு ரூபாய்.