எண்ணெய் இல்லாத டாங்கிகள்

என் கணவர் ஊட்டிக்குப் பக்கத்தில் வெலிங்டனில், ராணுவ ஸ்டோர் ஒன்றில் வேலை பார்க்கிறார். பட்டாளத்துக்காரர் இல்லை, நடை மட்டும் பட்டாளத்து நடை. ஒரு பொருள் வேண்டுமென்று இண்டென்ட் எழுதி அனுப்பிவிட்டால், அது வந்து அலமாரியில் ஏறிவிட்டதாகவே நினைத்துக்கொள்வார். வீட்டிலும் அப்படித்தான். கேஸுக்கு புக் பண்ணிய அன்றே சிலிண்டர் இருக்கிறது என்பார்.

கம்ப்யூட்டரில் போர் விளையாட்டு ஒன்றை எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். ஆளுக்கொரு நாடு, மாறி மாறி ஆட வேண்டும். வாள்படைக்கு இரும்பு வேண்டும், டாங்கிக்கு எண்ணெய் வேண்டும். டாங்கியைச் செய்யும்போது மட்டுமல்ல, ஒவ்வொரு சுற்றிலும் அது எண்ணெய் குடிக்கும். தீர்ந்துபோனால் டாங்கி மறைந்துவிடாது. நின்ற இடத்தில் நிற்கும். பலம் குறைந்துகொண்டே போகும், பட்ட அடியும் ஆறாது.

சென்ற தீபாவளிக்கு முன் ஒரு பந்தயம் வைத்தோம். அவர் ஜெயித்தால் தீபாவளிக்கு வழக்கம்போல மேட்டுப்பாளையத்தில் அவருடைய அக்கா வீடு. நான் ஜெயித்தால் நடுவட்டத்தில் என் அப்பா வீடு. அம்மா போன பிறகு அப்பா தனியாக இருக்கிறார். அப்போதுதான் கண் ஆபரேஷன் வேறு ஆகியிருந்தது. "வந்தா வாங்க அம்மிணி, இல்லாட்டி பரவால்ல" என்று போனில் சொன்னார்.  என் கணவருக்கு இந்தப் பந்தயம் விளையாட்டு. எனக்கு இல்லை.

அவர் நாட்டில் ஒரே ஒரு எண்ணெய்க் கிணறு. ஆனாலும் டாங்கிகளாகச் செய்து தள்ளினார். பற்றாததைப் பக்கத்து ராஜாவிடம் வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு; அந்த ராஜாவுக்காகக் கம்ப்யூட்டரே ஆடும். என் படையில் வெறும் காலாட்கள். "உன்ர ஆளுக கஞ்சி குடிச்சுட்டு வந்தவங்களாட்ட இருக்கறாங்க" என்று சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டேன். மலைப்பாதையில் மண் சரிந்தால் கீழேயிருந்து எதுவும் ஏறி வராது என்று, ஒவ்வொரு மழைக்கும் முன்பே அரிசி பருப்பை வாங்கி வைப்பவள் நான். வரப்போகிற பொருளை நம்பி உலை வைத்ததில்லை.

ராஜாவோடு அவர் போட்ட ஒப்பந்தத்தின் கெடு முடிந்த சுற்றில் நான் முந்திக்கொண்டேன். என் நாட்டில் நன்றாக விளைந்தது தேயிலைதான். அதை அள்ளிக் கொடுத்து எண்ணெய் முழுவதையும் வாங்கிப் பூட்டி வைத்தேன். எனக்கு அதில் ஒரு சொட்டும் தேவையில்லை. அவருடைய டாங்கிகள் என் கோட்டை வாசலில் நோஞ்சான்களாக நின்றன. என் காலாட்கள் ஒவ்வொன்றாக வளைத்துப் பிடித்தார்கள். எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. கொஞ்சம்தான். எண்ணெய் வந்துவிடும் என்று அவர் கடைசிச் சுற்றுவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

தீபாவளியன்று காலையில் நடுவட்டத்துக்குக் காரில் கிளம்பினோம். ஊட்டி பெட்ரோல் பங்கில் நீண்ட வரிசை. "ஏனுங்க, போட்டுட்டே போயிரலாமுங்க" என்றேன். தாங்கும், வழியில் போட்டுக்கொள்ளலாம் என்று வண்டியை விட்டார். கிளென்மார்கன் சாலை பிரியும் இடத்தைத் தாண்டியதும் கார் இருமியது. பிறகு நின்ற இடத்தில் நின்றது.

எனக்கு நல்ல கோபம். அப்பா விடிந்ததிலிருந்தே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். காரைப் பூட்டிவிட்டு, பலகாரத் தூக்குப்போசியோடு கூடலூர் பஸ்ஸில் ஏறினோம். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தோம். 

நடுவட்டத்தில் அப்பா ரோட்டைப் பார்த்தபடி பஸ் ஸ்டாப்புக்கே வந்திருந்தார், கறுப்புக் கண்ணாடியோடு. கார் எங்கே என்று மாப்பிள்ளையிடம் கேட்டார்.

என் கணவர் என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "டாங்கி வழியில நின்னுபோச்சுங்க மாமா. காலாட்படை வந்து சேந்துருச்சுங்க."

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் கையை மட்டும் பிடித்துக்கொண்டார். வீடு வரைக்கும் விடவில்லை.