இடுப்பிலேயே வளர்ந்த பிள்ளை

அகதியாகப் படகில் வந்த வதனாவுக்கும் மகன் கபிலனுக்கும் நோபல் பார்க் என்ற புறநகரில் கிடைத்தது ஓர் அறைதான். வீட்டை வாடகைக்கு எடுத்திருந்த லதீஸ் இரவு வேலைக்குப் போகிறவன். பகலெல்லாம் பக்கத்து அறையில் உறங்குவான். சத்தம் கேட்டால் வீட்டைவிட்டே எழுப்பிவிடுவான் என்ற பயத்தில் அவள் பிள்ளையை இடுப்பைவிட்டு இறக்குவதே இல்லை. ஒன்றரை வயதாகியும் அவன் நடக்கவில்லை.

“காலில் ஒரு குறையும் இல்லை. நிலத்தில் விடுங்கள்,” என்றாள் கிளினிக் தாதி.

அன்று மத்தியானம் வதனா அவனைக் குசினியில் இறக்கிவிட்டாள். கபிலன் சட்டிமூடியைத் தரையில் ஓங்கி அடித்தான். லதீஸின் அறைக் கதவு திறந்தது.

“என்னக்கா, கலியாண வீடோ? மனுசனைப் படுக்க விடுங்கோவன்!”

பிள்ளையைத் தூக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். கபிலன் கதிரைக் காலைப் பிடித்துக்கொண்டு முழங்கால் நடுங்க எழும்பிக்கொண்டிருந்தான்.

“கொஞ்சம் பொறுங்கோ தம்பி,” என்றாள். லதீஸ் நாளைக்கே வீட்டைவிட்டுப் போகச் சொல்லலாம். ஆனாலும் அவள் பிள்ளையைத் தூக்கவில்லை.