தாலி கட்டுவதற்குள் ஓடைமேடு போய்ச் சேரும் வழி

விண்வெளியிலிருந்து வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பூமிக்காரர்களுக்கு வழி சொல்லிப் பயனில்லை. போன் சொன்னால்தான் நம்புவார்கள். போன தை மாதம் வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

தம்பிக்குக் கல்யாணம். பெண் வீடு ஓடைமேட்டில், தென்னேரி ஏரியை ஒட்டிய சின்ன ஊர். எங்கள் வழக்கப்படி தாலியில் மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போடுவான், மற்ற இரண்டும் நாத்தனாருடையது. அதாவது என்னுடையது. நேரத்துக்குப் போகாவிட்டால் சித்தி மகள் போட்டுவிடுவாள். அவளுக்கு அதில் ஆசை உண்டு என்று எனக்குத் தெரியும். எல்லோரும் முதல் நாளே வேனில் கிளம்பிவிட்டார்கள். நான் காஞ்சிபுரத்தில் பட்டுக்கடையில் வேலை பார்க்கிறேன். கல்யாண சீசனில் ஒரு நாள் லீவு கிடைத்ததே பெரிய விஷயம்.

மேலேயிருந்து இறங்கும்போது, கோபுரங்கள் கூட்டமாகத் தெரிகிற ஊர் காஞ்சிபுரம். அதற்குக் கிழக்கே மின்னும் பெரிய தண்ணீர்தான் தென்னேரி ஏரி. கோடையில் வராதீர்கள், வற்றிக் கிடந்தால் அடையாளம் தெரியாது. என்னைப் போல் தரைவழி என்றால் வாலாஜாபாத்துக்குப் பஸ், சுமார் பதினைந்து கிலோமீட்டர். பிறகு ஆட்டோ. நான் எட்டு மணிக்கு ஆட்டோவில் ஏறினேன். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை.

தென்னேரி தாண்டியதும் ஆட்டோக்காரர் கரையோரம் வண்டியை நிறுத்தினார்.

"உன் போனு தண்ணியில எறங்கச் சொல்லுதுமா. எனக்கு நீச்சல் தெரியாது."

கல்யாண வீட்டு ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பாடுகிறதோ அந்தப் பக்கம் போனால் ஊர் வந்துவிடும் என்றார். பாட்டு கேட்டது, போனோம். வாசலில் பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் கொடுத்தார்கள், ஆட்டோக்காரரையும் சேர்த்துப் பந்தியில் உட்கார வைத்தார்கள். யார் நீ என்று ஒருவரும் கேட்கவில்லை. பெண் வீட்டார் என்னை மாப்பிள்ளை வீடு என்று நினைத்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீடு என்று. கேட்பது மரியாதை இல்லையே! எனக்கும் ஒரு முகமும் தெரியவில்லை. எல்லாம் பெண்ணின் சொந்தம் போலிருக்கிறது என்று சும்மா இருந்தேன். கேசரி பாதி இறங்கிய பிறகுதான் எதிரே இருந்த பேனரைப் பார்த்தேன். அதில் இருந்த மாப்பிள்ளை என் தம்பி இல்லை.

இலையை விட்டு எழுந்தேன். சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கல்யாணப் பெண்ணின் சித்தப்பாவாம்.

"நாத்தனாரா நீ? இன்னாமா, இங்க குந்திக்கினு துன்னுக்கினு இருக்கிற?" என்று வாளியை வைத்துவிட்டு பைக்கை எடுத்தார். ஆட்டோக்காரர் பொங்கலை விட்டு எழுவதாக இல்லை.

சித்தப்பா என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை மேலேயே ஓட்டினார். மதகைத் தாண்டிக் கீழே இறங்கினால் ஓடைமேடு, அவ்வளவுதான். பந்தலுக்குள் ஓடினேன். ஐயர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். சித்தி மகள் பெண்ணுக்குப் பின்னால் தயாராக நின்றாள். தம்பி மட்டும் தாலியைக் கையில் பிடித்தபடி, அக்கா வராமல் கட்டமாட்டேன் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது. சித்தி மகளை நகர்த்திவிட்டு நின்றேன்.

"கட்டுடா" என்றேன்.

கொண்டுவந்து விட்டவர் அட்சதை போட்டுவிட்டுப் பறந்தார். அவர் வீட்டிலும் அதே முகூர்த்தம்.

ஆகவே விண்வெளி மக்களே, முகூர்த்த நாளாகப் பார்த்து வாருங்கள். எங்கே இறங்கினாலும் சாப்பாடு நிச்சயம். உங்கள் முகம் எப்படி இருந்தாலும் எதிர்த் தரப்புச் சொந்தம் என்று நினைத்துக்கொள்வார்கள். இலையில் உட்காரும் முன் பேனரை மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இரண்டு முடிச்சும் நான்தான் போட்டேன். மூன்றாவதைக் கொஞ்சம் இறுக்கியே போட்டேன்.