சொட்டாத டின்னும் ஓர் எருமையும்

மண்ணெண்ணெய்க்கு ஒரு குணம் உண்டு. ஊற்றுகிற இடத்துக்கு அது போகாது. டின்னின் விளிம்பைத் தாண்டியதும் புனலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், டின்னின் வயிற்றோடு வழிந்து, அடியில் ஒரு கணம் தொங்கி, வேட்டியா காலா என்று யோசித்து, அப்புறம் விழும். எழுபதுகளின் தொடக்கத்தில், கோவில்பதாகையில், அந்த ஒரு சொட்டுக்குப் பயந்து நாங்கள் மூன்று பேர் வாழ்ந்தோம்.

மூவருக்கும் ஆவடித் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸ் எல்லாம் குடும்பம் உள்ளவர்களுக்கு. எங்களுக்கு ஓர் அம்மாவின் மாடியறை. பேர் சொல்லி யாரும் கூப்பிட்டுக்கொள்ள மாட்டோம், ஊர்தான் பேர். நெல்லை, சேலம், நான் தஞ்சாவூர். மூன்று படுக்கையை விரித்தால் அறை முடிந்துவிடும். அதனால் திரி ஸ்டவ்வுக்கு எண்ணெய் ஊற்றுவது வெளியே, படியின் உச்சியில். படி என்றால் சுவரில் செருகிய கருங்கல் பலகைகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே வெறும் காற்று. அந்தக் காற்றுக்குக் கீழே வீட்டுக்கார அம்மாவின் வைக்கோல். வைக்கோலுக்குப் பக்கத்தில் அவருடைய எருமை. அதன் பாலை விற்றுத்தான் மாடியையே எழுப்பினார்.

ஒரு காலை கீழேயிருந்து குரல் ஏறி வந்தது.

"இன்னா நைனா, என் மாட்ட ஸ்டவ்வுன்னு நென்ச்சிகினீங்களா? எறங்கி வந்து மோந்து பாரு. வைக்கோலா இது? கிருஷ்ணாயில் கடை!"

இறங்கினோம். மோந்தோம். மறுக்க வழியில்லை.

"ரெண்டு நாளா மூஞ்சத் திருப்பிகினு நிக்குது. பாலு பாதியாப் பூட்ச்சி. இன்னொரு சொட்டு வுழட்டும், மூணு பேரும் பொட்டியத் தூக்கிகினு போய்க்கினே இருங்க."

அன்றே எங்களுக்குப் பால் நின்றது. சேலம் கெட்டிப்பால் டின் வாங்கி வந்து காபி போட்டான். நானும் நெல்லையும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேறு அறை தேடினோம். அயனம்பாக்கத்தில் ஏரிக்காற்று எங்களை வரவேற்றது, ஏரிக்கரை வீடுகள் வரவேற்கவில்லை. பாரிவாக்கத்தில் ஒருவர் திண்ணையிலேயே நிறுத்தி, "கல்யாணம் ஆச்சா?" என்றார். இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் கதவு முடிந்துவிட்டது. ஆக, போக இடமில்லை. சொட்டைத்தான் நிறுத்தியாக வேண்டும்.

பூந்தமல்லிக் கடைத்தெருவில் மூக்கு வைத்த டின்னாகத் தேடி அலைந்தேன். கிளிமூக்கு, வாத்துமூக்கு, பூவாளி மூக்கு. ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் தன் மோவாயை நனைத்துக்கொண்டது. "சிந்தாத டின் இல்லையா?" என்றேன் கடைக்காரரிடம்.

"எல்லாமே சிந்தாத டின்னுதான் அண்ணாத்தே. கைதான் சிந்துது," என்று என் கையைப் பார்த்தார்.

இதைக் கேட்ட நெல்லைக்கு ரோஷம் வந்துவிட்டது. தொழிற்சாலையில் அவன் வேலையே கசிவு பிடிப்பது. பற்றவைத்த தொட்டிக்குள் காற்றை ஏற்றி, இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவி, கண்ணை வைத்துக் காத்திருப்பான். ஒரு குமிழி எழுந்தால் போதும், சிவப்புச் சாக்பீஸில் பெருக்கல் குறி. தொட்டி திரும்பிப் போகும். "ஏல, நான் செய்யுதேன் பாரு," என்றான்.

மூன்று ஞாயிறு அம்பத்தூரில் ஒரு தகரக்காரர் பட்டறையில் உட்கார்ந்தான். நான்காவது ஞாயிறு டின் வந்தது. நீண்டு வளைந்த கழுத்து, ஏரியில் மீனுக்கு நிற்கிற கொக்கைப் போல. எண்ணெய் நிரப்பும் வாய்க்கு ரப்பர் வைத்த திருகு மூடி. தொட்டிக்குச் செய்வதையெல்லாம் இதற்கும் செய்தான். ஒரு குமிழி இல்லை.

வீட்டுக்கார அம்மா சாட்சிக்கு வைக்கோல் பக்கம் வந்து நின்று அண்ணாந்தார். எருமையும் பார்த்தது. நெல்லை உச்சிப் படியில் ஸ்டவ்வை வைத்து, டின்னைச் சாய்த்தான்.

ஒன்றும் வரவில்லை.

"சொட்டலியே," என்றார் அம்மா.

"சொட்டாதும்மா," என்றான் பெருமையாக.

"ஊத்தவும் இல்லியே நைனா?"

இன்னும் சாய்த்தான். உள்ளே 'மடக்' என்று ஒரு விழுங்கல். மறுபடி மௌனம். தலைகீழாகவே கவிழ்த்தான். டின் விக்கியது, இருமியது, திடீரென்று ஒரு கை எண்ணெயைத் துப்பியது. அது ஸ்டவ்வைத் தாண்டிப் பறந்தபோது என் பெட்டி, படுக்கை, ஏரிக்கரைக் கதவுகள் எல்லாம் கண்முன் வந்து போயின. சேலம் பாய்ந்து, போட்டிருந்த பனியனை முன்னால் இழுத்து நீட்டி அதைப் பிடித்தான். ஒரு துளி கீழே போகவில்லை.

"தப்ச்சீங்க. நாளைக்கு மறுபடி ஊத்தணும். நான் பாக்கணும்."

பனியனைப் பிழிந்து போட்டுவிட்டு சேலம் காபிக்கு உட்கார்ந்தான். கெட்டிப்பால் டின்னைச் சாய்த்துப் பால் விட்டவன், அப்படியே நிறுத்தி டின்னின் தலையைப் பார்த்தான். ஆணியால் குத்திய இரண்டு ஓட்டை.

"ஒரு ஓட்டை போட்டா பால் வராதுங்க. இன்னொண்ணு போட்டாத்தான் வரும். அதுக்கும் மூச்சு விடணுமில்ல?"

நெல்லையின் முகம் கறுத்தது. "ஓட்டை இல்லன்னு கையெழுத்துப் போடுதவன் நான். என் டின்னுலயே ஓட்டை போடச் சொல்லுதியா?"

"போடலைன்னா மூணு பேரும் ரயில்வே பிளாட்பாரத்துல படுக்கலாம்ங்க."

அன்று மாலை நெல்லை சாப்பிடவில்லை. மறுநாள் காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, டின்னை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். சட்டைப் பையிலிருந்து சிவப்புச் சாக்பீஸை எடுத்தான். டின்னின் மேல்பக்கம், கைப்பிடிக்கு அருகே, தன் கையாலேயே ஒரு பெருக்கல் குறி போட்டான். அதன் நடுவில் ஆணியை வைத்து, ஒரு கல்லால் ஒரே அடி.

அம்மா வந்து அண்ணாந்தார். நெல்லை சாய்த்தான். கொக்கின் கழுத்திலிருந்து எண்ணெய் நூல் பிடித்தாற்போல இறங்கியது. கட்டைவிரலால் ஓட்டையை மூடினான், நின்றது. எடுத்தான், ஓடியது. மூடினான், நின்றது. அவனுக்கே வேடிக்கையாகிவிட்டது.

"இன்னாபா, புல்லாங்குழலா வாசிக்கிற?" என்று சிரித்தார் அம்மா. சிரித்துக்கொண்டே மேலே வந்து டின்னை வாங்கிக்கொண்டார். "ரூம்லயே இருங்க. பாலும் வாங்கிக்குங்க. இது மட்டும் எங்கிட்ட இர்க்கட்டும். எண்ணெய் தீந்தா கூப்புடுங்க, நானே வந்து ஊத்துறேன். ஒங்க கைய நான் நம்ப மாட்டேன்."

நெல்லையின் மூன்று ஞாயிறு போயே போய்விட்டன.

அடுத்த வாரம் கூப்பிட்டோம். நிரம்பிய டின்னோடு ஏறினார். ஒரு கை கைப்பிடியில், ஒரு கை புடவைக் கொசுவத்தில். ஓட்டையை மூட மூன்றாவது கை இல்லை. ஐந்தாம் படியில் டின் ஆடியது. சிவப்புக் குறியின் நடுவிலிருந்து ஒரு சொட்டு எட்டிப் பார்த்து, தகரத்தில் உருண்டு, கல்லின் ஓரத்தில் தொங்கி, வைக்கோலில் விழுந்தது. அம்மா கீழே பார்த்தார். மேலே பார்த்தார். நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் ஆகாயத்தைப் பார்த்தோம். அன்று மேகம் கூட இல்லை.

மறுநாள் காலை எருமை முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. அம்மா அதன் முதுகில் ஒன்று வைத்தார்.

"கொழுப்பு! நல்ல வைக்கோல் போட்டா துன்றதுக்கு வலிக்குதா ஒனக்கு?"

பிறகு, தலையை நிமிர்த்தாமலே எங்களுக்கும் கேட்கிற மாதிரி, "இதுக்கு எப்பவுமே வாய்க்கொழுப்புதான்" என்றார்.

"ஆமாம்மா," என்றோம் மாடியிலிருந்து, மூன்று ஊர்த் தமிழில்.