பூச்சி தின்ற இலையின் இடம்

பல்கலைக்கழகப் பெரிய அரங்கில் மைக்கையும் திரையையும் பார்த்துக்கொள்வது என் வேலை. இருபத்திரண்டு வருடமாகக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து அறிவாளிகளின் சத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் வருகிறேன். உயிரியல்காரர்கள் மைக்கை விரலால் தட்டிப் பார்ப்பார்கள். வரலாற்றுக்காரர்கள் நேரம் முடிந்த பிறகுதான் விஷயத்துக்கே வருவார்கள். தத்துவக்காரர்கள் முக்கியமான இடம் வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரிடம் பேசுவார்கள். இந்த மூன்று கூட்டமும் ஒரே மேடையில் ஏறும் கருத்தரங்கு ஒன்று உண்டு. உயிரியலின் வரலாறும் தத்துவமும் என்று பெயர். மூன்று நாள் நடக்கும், எனக்கு ஒரு வாரம் தலை வலிக்கும்.

சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை, என் மனைவியைப் பற்றி. அவளுக்கும் இதே வளாகத்தில்தான் வேலை. தாவரவியல் துறைக்குப் பின்னால் உலர்தாவரக் காப்பகம் என்று பெரிய பெயர்ப்பலகையோடு ஒரு கட்டடம் இருக்கிறது. அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையாது, எல்லோரும் இலை அறை என்பார்கள். காயவைத்த செடிகளைத் தாளில் ஒட்டி, லேபிள் வைத்து, இரும்பு அலமாரியில் அடுக்குவது அவள் பொறுப்பு. விரல் நுனியில் எந்நேரமும் பசை காய்ந்திருப்பதால் துறைத் தலைவரிலிருந்து காவலாளி வரை எல்லோருக்கும் அவள் பசையக்கா. ஓய்வுபெறப்போகும் கிழவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவளோடு குடும்பம் நடத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. சுவரில் காலண்டர் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் சாப்பாட்டை விட்டு எழுந்து போய்ச் சரிசெய்வாள். மகள் பள்ளியில் படித்தபோது அவள் நோட்டுக்கு நான் போட்ட அட்டையை ஒருமுறையாவது பிரிக்காமல் விட்டதில்லை. இப்படிப்பட்டவள் ஒரு பெரிய கோணலை மனதில் வைத்துக்கொண்டே என்னோடு வாழ்ந்திருக்கிறாள். அது எனக்குத் தெரியாது.

போன வருடம் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் இலை அறைக்கு வந்து நான்கு மாதம் உட்கார்ந்தார். அறிவியலின் வரலாற்றை எழுதுகிறவர். எந்தக் காகிதத்தைக் காட்டினாலும் இதை எழுதியது யார், எப்போது, எதற்காக என்று கேட்காமல் நம்பமாட்டார். அதனால் மாணவர்கள் அவருக்குச் சந்தேகம் சார் என்று பெயர் சூட்டிவிட்டார்கள். நூறு வருடங்களுக்கு முன்னால் காடு மேடெல்லாம் அலைந்து செடி சேகரித்த ஒருவருடைய நாற்பத்தொரு தாள்கள்தான் அவருக்கு வேண்டியிருந்தன. பசையக்கா காலையில் எடுத்துக் கொடுப்பாள், சாயங்காலம் வாங்கி உள்ளே வைப்பாள். இந்த வருடம் கருத்தரங்கு எங்கள் அரங்கில் என்றதும், நன்றி மறக்காத மனுஷன், அவளுக்கும் அழைப்பு அனுப்பிக் கழுத்தில் மாட்டும் அட்டைக்கும் சொல்லி வைத்துவிட்டார். அந்த அரங்குக்கு அவள் எனக்குச் சாப்பாடு கொண்டு வந்திருக்கிறாளே ஒழிய, நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. புதுச் செருப்பு வாங்கினாள்.

முந்தின நாள் மத்தியானம் நான் ஸ்லைடுகளை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாள்களில் சிலவற்றை வாசல் கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதற்காக அவளும் வந்திருந்தாள். திரையில் சந்தேகம் சாரின் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாத் தாள்களிலும் மேல் மூலையில் ஓர் இலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பூச்சி தின்ற இலை, இல்லாவிட்டால் முறுக்கிக்கொண்ட இலை. கீழே எழுதியிருந்ததை அவளுக்காக நான் சத்தமாகப் படித்தேன். அந்தக் காலத்தில் எல்லோரும் குறையே இல்லாத இலையைத் தேடி ஒட்டினார்களாம். ஓர் இனத்துக்கு ஓர் அச்சு, அதிலிருந்து விலகினால் பிசகு என்பது அன்றைய நினைப்பு. இந்த ஒரு மனிதர் மட்டும் குறைப்பட்ட இலைக்கு முதலிடம் கொடுத்திருக்கிறார். வேறுபாடு பிழையல்ல, இயற்கையே அப்படித்தான் என்று தன் காலத்துக்கு முன்பே கண்டுகொண்டிருக்கிறார். எனக்கே புல்லரித்தது. திரும்பிப் பார்த்தால் அவள் முகத்தில் ஈயாடவில்லை. கூண்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"அதை அங்க வெச்சது அவர் இல்லங்க," என்றாள். "நான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பத்தொன்பது வருடங்களுக்கு முன் இலை அறையின் மேல்மாடியில் தண்ணீர்க் குழாய் உடைந்து ஓர் அலமாரி முழுக்க நனைந்துவிட்டது. அப்போது அவள் வேலைக்குப் புதிது, நிரந்தரமும் ஆகவில்லை. எங்கள் மகள் வயிற்றில் எட்டு மாதம். ஊறிப்போன தாள்களிலிருந்து செடிகளையும் லேபிள்களையும் உரித்துக் காயவைத்து, கிடங்கில் மிச்சமிருந்த அதே பழைய வெற்றுத் தாள்களில் பதினோரு நாள் உட்கார்ந்து திரும்ப ஒட்டியிருக்கிறாள். முன்பு எந்த இலை எங்கே இருந்தது என்று யாரும் படம் எடுத்து வைக்கவில்லை. மறுபடி ஒட்டிய தாளில் யார், எப்போது, ஏன் என்று ஒரு சீட்டு வைப்பது கட்டாயம். கடைசியில் மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறாள். அதற்குள் பிரசவம். விடுப்பு முடிந்து வந்தபோது யாரோ தாள்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அன்று சொல்லப் பயம். அப்புறம் ஒவ்வொரு வருடமும் சொல்வது இன்னும் கஷ்டமாகிப் போனது.

பழைய மாதிரிகளைக் குறிப்பில்லாமல் மாற்றினால் வேலையே போகலாம் என்று விதி இருக்கிறது. அவளுக்கு இன்னும் ஏழு வருட சர்வீஸ் பாக்கி, மகள் கல்லூரியில் படிக்கிறாள். வாயை மூடிக்கொண்டு இரு என்று அவளிடம் சொன்னேன். செத்தவருக்கு நல்ல பெயர் கிடைக்கிறது, பேசுகிறவருக்குக் கைதட்டல் கிடைக்கிறது, உனக்கு வேலை மிஞ்சுகிறது, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டேன். நல்ல யோசனை என்றுதான் அப்போது நினைத்தேன். அவள் எழுந்து போனாள். அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை.

மறுநாள் காலை நான் எழுவதற்கு முன்பே கிளம்பிப் போய்விட்டாள். பதினொரு மணிக்குச் சந்தேகம் சாரின் உரை. பத்தே முக்காலுக்கு மேடையின் பக்கவாட்டில் அவருக்குக் காலர் மைக்கை மாட்டிச் சோதித்துக்கொண்டிருந்தேன். பசையக்கா கையில் ஒரு காகிதத்தோடு நேராக வந்தாள். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"சார், அந்த நாப்பத்தோரு தாளையும்..." என்று ஆரம்பித்தாள். மைக் உயிரோடு இருந்தது. பாய்ந்து அவர் இடுப்பிலிருந்த பெட்டியை அணைத்தேன். என் சர்வீஸில் அவ்வளவு வேகமாக எதையும் அணைத்ததில்லை.

"...ஒட்டினது நான்தான். தண்ணியில நனைஞ்சுபோச்சு, பத்தொன்பது வருஷம் ஆச்சு. எந்த இலை எங்கன்னு முடிவு பண்ணது நான். சீட்டு வைக்கல. தப்பு என்னோடது."

அவர் மேடைப் படிக்கட்டில் உட்கார்ந்தார். ஏழு வருட உழைப்பு, புத்தகம் அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது என்றார். அப்புறம் கோபம் வந்தது. நான்கு மாதம் எதிரிலேயே உட்கார்ந்திருந்தும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டார். செடியைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று நினைத்தேன், இலை இருக்கிற இடத்தைப் பற்றி என்று நேற்றுதான் தெரியும் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தப்புதான். பெரிய தப்பு," என்றார். "ஆனா என் மேலயும் இருக்கு. எதை எடுத்தாலும் எழுதினது யாருன்னு கேட்பேன். ஒட்டினது யாருன்னு கேட்கவே தோணல."

அப்போதுதான் அவள் அந்தக் காகிதத்தை நீட்டினாள். முன்பெல்லாம் ஒரே செடியை இரண்டு தாளில் ஒட்டி ஒன்றை வேறு காப்பகத்துக்கு அனுப்புவார்களாம். ஏழு மணிக்கே போய்ப் பழைய அனுப்புப் பதிவேட்டைப் புரட்டியிருக்கிறாள். அந்த நாற்பத்தொன்றில் பன்னிரண்டுக்கு ஜோடி உண்டு, அவை நனையாமல் வேறு ஊரில் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் ஆள் உண்மையில் எப்படி ஒட்டினார் என்று அதில் பார்த்துக்கொள்ளலாம் சார் என்றாள். அவர் அந்தப் பட்டியலை இரண்டு தடவை வாசித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மணி அடித்தது.

எப்படியாவது சமாளித்து ஒப்பேற்றிவிடுவார் என்றே எதிர்பார்த்தேன். அவர் முதல் படத்தைப் போட்டு, தான் சொல்ல வந்ததை இரண்டு நிமிடத்தில் சொல்லி, அது கால் மணி நேரத்துக்கு முன்புவரை நம்பியது என்றார். குழாய் உடைந்ததிலிருந்து சீட்டு விட்டுப்போனது வரை ஒளிக்காமல் விவரித்தார். தன் அடையாளத்தையும் சொல்லலாம் என்று அவள் தலையசைத்த பிறகுதான் அவள் பக்கம் கை காட்டினார். முன்னூறு தலைகள் திரும்பின. முதல் வரிசையில் துறைத் தலைவர் அசையாமல் இருந்தார்.

கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் ஒரு தத்துவப் பேராசிரியை. கெட்டுப்போன இலையை எதற்கு எல்லாத் தாளிலும் அதே மூலையில் வைத்தீர்கள், ஏதாவது கொள்கை உண்டா என்று கேட்டார். நானே ஓடிப்போய் அவள் கையில் மைக்கைக் கொடுத்தேன்.

"கொள்கையெல்லாம் இல்லைங்க. தாளைத் தூக்குறவங்க கீழ் ஓரத்துல கட்டைவிரலை வெச்சுத்தான் தூக்குவாங்க. ஓட்டை விழுந்த இலை கீழ இருந்தா நாலு தடவையில பொடியாயிடும். கைபடாத இடம் மேல்மூலைதான். அதான் அங்க வெச்சேன்."

அரங்கில் சிரிப்பு எழுந்தது, ஆனால் கேலிச் சிரிப்பு இல்லை. அப்புறம் பேனாக்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. அந்தப் பேராசிரியையும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அடுத்த அரை மணி நேரம் கேள்விகள் முழுக்கக் காப்பகங்களில் வேலை செய்கிறவர்களின் கைகளைப் பற்றியே இருந்தன. ஒருவர்கூடச் சுவரைப் பார்த்துப் பேசவில்லை.

உரை முடிந்ததும் துறைத் தலைவர் எழுந்து அவளை நோக்கி நடந்தார். நான் கூண்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன்.

"சீட்டு வைக்காதது தப்பு, பசையக்கா. திங்கட்கிழமை நாப்பத்தொண்ணுக்கும் எழுதி வெச்சுடுங்க. தண்ணியில போக வேண்டியதைக் காப்பாத்தினதையும் சேர்த்து எழுதுங்க," என்றார். அவ்வளவுதான். டீ குடிக்கப் போய்விட்டார்.

அவளுக்குப் பசி வந்துவிட்டது. மத்தியானம் இரண்டு தட்டு சாப்பிட்டாள். எதிரில் சந்தேகம் சார் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, பசை எது, எத்தனை நாள் காயும், எந்த இலையை முதலில் எடுப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அச்சகத்துக்குப் பேசிப் புத்தகத்தை நிறுத்திவிட்டதாகவும் சொன்னார். அச்சான பிறகு வேறு யாராவது கண்டுபிடித்திருந்தால் தலை தூக்கியிருக்க முடியாது, நல்ல வேளை என்று நான்கு முறையாவது சொல்லியிருப்பார்.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. இத்தனை வருடம் என்னிடம்கூட ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"நேத்து சொன்னேனே. நீங்க விட்டுடுன்னீங்க," என்றாள். "என்னைக்குச் சொல்லியிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீங்க. எனக்கு ஒருத்தராவது தப்புன்னு சொல்லணும். சந்தேகம் சார் சொன்னாரு. அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு."

சுருக்கென்றது. நீ செய்தது தப்புதான் என்று சொல்ல வாயெடுத்தேன். ஒரு நாள் தாமதமாக. அதற்குள் அவள் என் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போயிருந்தாள். நாங்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. நான் எழுப்பவில்லை.