தண்ணீர் நின்ற நாள்

இன்று அல் ஐன் சைட்டில் நடந்ததை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். அதனால்தான் கேம்ப் மெஸ் பலகையில் இதை ஒட்டுகிறேன்.

பக்கத்து மண்கோட்டையின் காவல்காரர், வயதான ஹாஜி, உச்சி வெயிலில் நான் நீட்டிய தண்ணீரை வாங்கவில்லை. இது ரமலானும் இல்லை.

"இன்னிக்கு வேணாம் பாய்," என்றார் அரைகுறை இந்தியில். "பல நூறு வருஷம் முன்னால எதிரி இந்தக் கோட்டையச் சுத்தி வளைச்சு, வாய்க்கால அடைச்ச நாள். உள்ள எங்க ஆளுங்க தவிச்சுப் போனாங்க. எங்க வீட்ல பொழுது சாயிற வரைக்கும் யாரும் தண்ணி தொடமாட்டோம்."

சர்வேயர் புத்தி சும்மா இருக்குமா? டைரியைப் புரட்டினேன்.

"ஹாஜி, போன வருஷம் இதே மாதிரி தண்ணி தொடாம பதினோரு நாள் கழிச்சுல்ல இருந்தீங்க? தேதி தப்பு."

அவர் சிரித்தார். "எங்களுக்குப் பிறைக் கணக்கு. வருஷா வருஷம் பதினோரு நாள் முன்னால நகரும். குளிர்ல வந்தா சுலபம். முப்பத்திமூணு வருஷத்துக்கு ஒருதடவதான், அன்னிக்கு அடிச்ச இதே வெயில்ல வந்து நிக்கும். வாலிபத்துல ஒண்ணு பார்த்தேன். இது ரெண்டாவது."

மாலை வரை என் ஃப்ளாஸ்க்கை நான் திறக்கவில்லை.

பல நூறு வருஷத்து நாளை அவர் மறக்கவில்லை; நம்மில் கல்யாண நாளை மறந்து, மனைவியின் கடிதத்தில் திட்டு வாங்கியவர்கள் கீழே கையெழுத்திடலாம். முதல் கையெழுத்து என்னுடையது.