பாப்பாத்தியின் முடிச்சுக் கயிறுகள்

பெயர் பாப்பாத்தி, வயது முப்பத்தெட்டு. ஊர் கொல்லிமலை, குண்டனி நாடு. தொழில் மிளகு பறித்தல். 1998 பிப்ரவரி 11 அன்று, சில்வர் ஓக் மரத்தில் சாய்த்திருந்த ஒற்றை மூங்கில் ஏணி வழுக்கி விழுந்ததில் இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. பிப்ரவரி 13 அன்று சேலத்து மருத்துவமனை ஒன்றில் டைட்டானியத் தகடும் ஆறு திருகுகளும் பொருத்தினார்கள்.

எலும்பிலுள்ள தாது உப்பையே மேலே பூசிய தகடு அது. அதை அந்நியமென்று ஒதுக்காமல் எலும்பு பற்றி வளர்கிறதா என்று ஈராண்டுகள் பார்க்கும் ஆய்வு ஒன்றில் அவளையும் சேர்த்திருந்தார்கள். விவரம் திரட்டிய முதுகலை மாணவி வித்யாஸ்ரீ, தினமும் வலியைக் குறித்துவைக்க ஒரு நோட்டை நீட்டினாள். பாப்பாத்திக்கு எழுதத் தெரியாது. மிளகுக்கொடியை மரத்தோடு கட்டும் கற்றாழை நாரை எடுத்தாள். மாதத்திற்கு ஒரு கயிறு. வலி இல்லாத நாளுக்கு ஒற்றை முடிச்சு, வலித்த நாளுக்கு இரட்டை.

ஆறு மாதம் எந்த வேலையும் செய்யக் கூடாது என்றார்கள். அவள் களைக்கொத்தைக்கூடத் தொடவில்லை. ஆயினும் ஜூலை மாதத்து எக்ஸ்ரேயில் இரண்டு திருகுகளைச் சுற்றிக் கறுப்புக் கோடு விழுந்திருந்தது. வித்யாஸ்ரீ அதைத் தொட்டுக் காட்டினாள்.

"தகடு ஆடுது அக்கா. இன்னும் ஆடினா கழற்றணும். அப்புறம் ஏணி ஏறவே முடியாது."

ஏணி ஏறாமல் மலையில் பாப்பாத்திக்கு என்ன பிழைப்பு?

"வேலையே செய்யலீங்க அம்மணி, சத்தியமுங்க."

கொண்டுவந்திருந்த கயிறுகளை வித்யாஸ்ரீ மேசையில் வரிசையாகப் பரப்பி விரலால் தடவிக்கொண்டே போனாள். முதல் இரண்டு கயிறுகளில் இரட்டை முடிச்சுகளே நிறைந்திருந்தன. அதற்குப் பிறகு ஆறு ஒற்றை, ஓர் இரட்டை. மறுபடியும் ஆறு ஒற்றை, ஓர் இரட்டை.

"ஏழு நாளைக்கு ஒருதடவை என்ன நடக்குது?"

"செம்மேட்டுச் சந்தைங்க. கூடையில மரவள்ளிக் கெழங்கு கொண்டுட்டுப் போவேன்."

"தலையிலயா? எத்தனை கிலோ?"

"இருவது இருக்குமுங்க. அதெல்லாம் ஒரு வேலைங்களா? நாலு பேரோட பேசிக்கிட்டே போயிட்டு வாரதுதானுங்களே!"

வித்யாஸ்ரீ தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். "எலும்பும் தகடும் அசையாம இருந்தாத்தான் அக்கா ஒண்ணையொண்ணு பிடிக்கும்."

"அட, கட்டுத் தளந்த கொடி மரத்தப் புடிக்குமுங்களா? இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல!"

அடுத்த சந்தைக்குக் கூடையைச் சுமந்தவன் அவள் கணவன் செல்லமுத்து. வழியில், கூடைக்கடியில் அவன் தலையில் சுருட்டி வைத்திருந்த துணியைப் பார்த்துக் கொழுந்தி சென்னம்மாள் விடவில்லை.

"ஏனுங்க மாமா, சும்மாடெல்லாம் பலமா இருக்குது! அக்கா சுத்திக் குடுத்தாளா?"

"அவ காலுக்குத் தகடு வெச்சாங்க. என்ற தலைக்குச் சும்மாடாச்சும் வேண்டாமா?"

சந்தை தவறாமல் அவனே சுமந்தான். டிசம்பர் எக்ஸ்ரேயில் கறுப்புக் கோட்டைக் காணோம். எலும்பு திருகுகளை நெருங்கி அணைத்திருந்தது.

2000 பிப்ரவரியில் பாப்பாத்தி மறுபடி ஏணி ஏறினாள். முதலில் பறித்த மிளகை விற்கவில்லை. காய்ந்ததும் மூன்று பங்காக்கினாள். ஒன்று செல்லமுத்துவின் ரசத்துக்கு, ஒன்று வித்யாஸ்ரீக்கு, ஒன்று, சேலம் போன நாளெல்லாம் பாப்பாத்தியின் வீட்டெதிரே பஸ்ஸை நிறுத்தி ஏற்றிக்கொண்ட ஓட்டுநர் சின்னுசாமிக்கு. ஓட்டுநர் வேண்டாமென்று மறுத்தும், அவர் சட்டைப்பையில் திணித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

ஆய்வுக் கோப்பில் கடைசியாகச் சேர்ந்தது அந்தப் பிப்ரவரி மாதக் கயிறு: ஒற்றை முடிச்சு 29, இரட்டை முடிச்சு 0.